காலையில் வந்து பாருங்க

காலையில் கட்டை, சாயங்காலம் குதிரை. வாய்க்கால் தெருவில் மாயக்காளுக்கு இப்படி ஒரு பேர் வழங்கிவந்தது. முதலில் யார் சொன்னது என்று தெரியவில்லை. அண்டை வீட்டு முத்துப்பேச்சிதான் என்று மாயக்காள் நினைத்தாள். நேரே கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்றால் எழுந்து போகவேண்டும். எழுந்து போக முடிகிற நேரத்தில் போய்க் கேட்டால், 'இந்தா, நடந்து வந்துட்டாள்ல' என்று அந்தப் பேரே நிலைத்துவிடும்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாசம். மேற்கு மலையில் மழை பிடித்துக்கொண்டு, சின்னமனூர்ப் பக்கமெல்லாம் சாரலும் காற்றுமாக இருந்தது. கொடிக்காலில் அகத்தி மரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. கட்டு அவிழ்ந்த வெற்றிலைக் கொடிகள் சேற்றில் தொங்கின. அவற்றைத் தூக்கி நார் போட்டுக் கட்டுகிற வேலை அவள் புருஷன் சுருளியாண்டிக்கு நாள் முழுக்க இருந்தது. ஆனால் அவன் வேலை கொடிக்காலில் தொடங்குவதில்லை, வீட்டில் தொடங்கும்.

கோழி கூப்பிடும்போதே மாயக்காள் விழித்துவிடுவாள். கண் மட்டும்தான் விழிக்கும். கை, கால், தாடை எல்லாம் யாரோ மூட்டுக்கு மூட்டு ஈரமண் வைத்து அடைத்தது மாதிரி இறுகிக் கிடக்கும். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கும். புரண்டு படுக்கவும் ஆள் வேண்டும். சுருளியாண்டி அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் உட்காரவைப்பான். திரும்பத் தூக்கிவந்து, உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பான். பிறகு கேப்பைக் களி கிண்டுவான். அவன் கிண்டுகிற களியில் எப்போதும் கட்டி இருக்கும். அதை உருட்டி, தட்டாம்பயற்றுக் குழம்பில் தோய்த்து அவள் வாயில் வைப்பான். களியை மெல்லவேண்டாம், விழுங்கினால் போதும் என்பதால் அது அவளுக்குத் தோதான சாப்பாடு. கட்டியாக இருக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால், தெருவே கூடி அவளுக்கு நன்றி கெட்டவள் என்று பேர் வைக்கும்.

வெயில் ஏறி முற்றத்தில் விழுந்தபிறகு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகும். உச்சிக்குப் பிறகு சுவரைப் பிடித்து நிற்பாள். பொழுது சாயும்போது நடப்பாள். வலியோடுதான். ஆனால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு வலியா தெரியும், கால்தான் தெரியும். அந்த நேரத்தில் சும்மா இருக்கப் பொறுக்காமல், புருஷன் கொண்டுவந்து போட்ட வெற்றிலையில் அழுகலைக் கழித்து அடுக்கிக்கொடுப்பாள். அதுவும் பேச்சாயிற்று. "களி கிண்டக் கை வரலையாம், வெத்தலை அடுக்க மட்டும் வருதாக்கும்."

கல்யாணமான மூன்றாம் வருஷம் ஒரு பிள்ளை பிறந்து தங்காமல் போனது. அந்தப் பேறுகாலத்துக்குப் பிறகு விரல் மூட்டில் வந்து உட்கார்ந்த நோய் இது. குருசாமி வைத்தியர் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். சுருளி அருவியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வீரபாண்டித் திருவிழாவில் நேர்த்திக்கடனாக ஆயிரங்கண் பானை எடுத்தாயிற்று. நோய் கொல்லவும் இல்லை, விடவும் இல்லை. இத்தனைக்கும் இரண்டாம் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவிடாமல் சுருளியாண்டி இருந்துவிட்டான். அதனால் ஊரில் அவன் மதிப்பு கூடிக்கொண்டே போனது. குழாயடி கிடையாத அந்தக் காலத்தில் வாய்க்கால் படித்துறைதான் ஊர் வாய். அங்கே பெண்கள் தங்கள் புருஷன்மாரைத் திட்டவேண்டுமானால், "சுருளியாண்டி கால் தூசிக்கு ஆவியா நீ?" என்றுதான் தொடங்குவார்கள். அவனுக்குப் புண்ணியம் ஏற ஏற, மாயக்காளுக்குப் பேர் கெட்டது.

அந்த ஆடியில்தான் சானிட்டரி இன்ஸ்பெக்டர் செல்வமணி சைக்கிளை உருட்டிக்கொண்டு வாய்க்கால் தெருவுக்கு வந்தார். ஆண்டிபட்டிக்காரர். காலராவுக்குக் கிணற்றில் மருந்து போடவும் அம்மைக்குக் குத்தவும் வருகிற மனுஷன். காக்கித் தொப்பியைக் கண்டாலே பிள்ளைகள் கொல்லை வழியாக ஓடும். அன்று அவர் குத்த வரவில்லை.

உச்சிப் பொழுது. சுருளியாண்டி சாப்பிட வந்திருந்தான். மாயக்காள் வாசல் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சுருளியாண்டிங்கிறது நீதானப்பா?"

"ஆமாங்கய்யா." எச்சில் கையோடு எழுந்து நின்றான்.

"ஒன்னையப் பத்தி ஊரே சொல்லுது. சுகாதார வாரம் வருதுல்ல? மெட்ராசுல இருந்து டாக்டர் ஞானசிகாமணின்னு ஒருத்தர் வர்றாக. சாதாரண ஆளில்ல. தீராத சீக்காளிகளை வீட்டுல எப்பிடி வச்சுப் பாக்குறாகன்னு ஜில்லா ஜில்லாவாப் போயி ஆராய்ச்சி பண்ணுறாக. சந்தைப்பேட்டையில பேசப் போறாக. அங்கன ஒன்னையக் கூப்பிட்டு மாலை போடணும்னு ஏற்பாடு."

"எனக்கெதுக்குங்கய்யா மாலை?"

"ஒன்னைய மாதிரி ஆளைப் பாத்துத்தான் நாலு பேரு திருந்துவான்." அப்போதுதான் இன்ஸ்பெக்டர் கீழே பார்த்தார். "இவுகதானா சீக்காளி?"

"நாந்தான்," என்றாள் மாயக்காள்.

அவர் சுருளியாண்டியிடம் கேட்டார். "பேச்செல்லாம் நல்லா வருதோ?"

"வாயில சீக்கு இல்லைங்க," என்றாள் அவளே.

சுருளியாண்டி அவளை ஒரு பார்வை பார்த்தான். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பினார்.

அவர் போனதும் மாயக்காள் சொன்னாள்: "நானும் வாரேன்."

"எங்கன?"

"சந்தைப்பேட்டைக்கு. தீராத சீக்கைப் பத்திப் பேச ஒரு டாக்டரு வாராகன்னா, தீராத சீக்கு வந்தவ போவேணாமா?"

"வண்டி குலுக்கும் புள்ள. அப்புறம் ரெண்டு நாளைக்கு நீ கத்துவ."

"கத்துறது நாந்தான? வண்டி கேளுங்க."

அவன் களியைத் தொட்டுக்கொண்டு யோசித்தான். "வந்து என்ன செய்யப் போற?"

"கேக்கணும். காலையில ஏன் இறுகுது, சாயங்காலம் ஏன் இளகுதுன்னு கேக்கணும். இந்தத் தெருவுல எவளுக்கும் தெரியல. வைத்தியருக்கும் தெரியல. படிச்சவுகளுக்குத் தெரியுமாக்கும்."

'எனக்குத் தெரியாதா' என்று அவன் கேட்டிருக்கலாம். அவன் கேட்பான் என்று அவளும் கொஞ்சம் காத்திருந்தாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு கொடிக்காலுக்குப் போய்விட்டான்.

கூட்டத்து நாளன்று சாரல் விட்டிருந்தது. சின்னச்சாமியின் வண்டியைக் கேட்டு, வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு விரித்துக் கொண்டுவந்தான் சுருளியாண்டி. மாயக்காள் அரக்குச் சேலை கட்டியிருந்தாள். கட்டிவிட்டது அவன்தான். கொசுவம் வைக்க அவனுக்கு வராது. அவள் சொல்லச் சொல்ல மடித்து மடித்து அவிழ்த்தான். நெற்றியில் மட்டும் அவளே திருநீறு பூசிக்கொண்டாள். கை அவ்வளவு உயரம் அன்று போனது. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

சந்தைப்பேட்டையில் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பொழுதோடேயே ஏற்றி வைத்திருந்தார்கள். ஈ மொய்த்த பண்டம், மூடாத கிணறு என்று வர்ணப் படங்கள் துணியில் தொங்கின. வண்டி நின்றதும் சுருளியாண்டி அவளைத் தூக்கக் கை நீட்டினான்.

"வேணாம். அம்புட்டுப் பேரு இருக்காக. நடந்தே வாரேன்."

அவள் அவன் தோளைப் பிடித்து இறங்கினாள். பிறகு தோளை விட்டாள். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமாக, முழங்கால் இரண்டிலும் நெருப்பு வைத்தாற்போல் எரிய, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். நிமிர்ந்துதான் நடந்தாள். ஊர் முன்னால் நொண்டக்கூடாது என்று ஒரு வீம்பு.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "அந்தா நடக்குறா பாரு." "யாரு, சுருளியாண்டி பொண்டாட்டியா? நல்லாத்தான இருக்கா."

இன்ஸ்பெக்டர் செல்வமணி வேகமாக வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏம்மா, வண்டியிலேயே இருந்திருக்கக் கூடாதா? வருசக்கணக்காப் படுத்த படுக்கைன்னு டாக்டருகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

"காலையில படுத்த படுக்கைதாங்க."

"இப்பக் காலையா?"

முத்துப்பேச்சி நகர்ந்து இடம் கொடுத்தாள். மாயக்காள் உட்காரும்போது முழங்கால் கடக்கென்று சத்தம் கொடுத்தது. யாருக்கும் கேட்கவில்லை.

டாக்டர் ஞானசிகாமணி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். பாளையங்கோட்டைக்காரர் என்று சொன்னார்கள். கோட்டும் வேட்டியுமாக இருந்தார். குரல் நன்றாக இருந்தது. பேச்சும் நன்றாக இருந்தது, மாயக்காளால் அதை மறுக்க முடியவில்லை.

"பெரியோர்களே, தாய்மார்களே! காலரா வருகிறது, போகிறது. அம்மை வருகிறது, போகிறது. ஆனால் வந்துவிட்டுப் போகாத நோய்களும் உண்டு. அவற்றைத் தீர்க்க எங்களால் இயலாமல் போகலாம். நோய் தீராவிட்டாலும் துயரம் தீரக்கூடும். அது வீட்டார் கையில் இருக்கிறது. நோயாளிக்கு முகம் கோணாமல் ஊட்டுங்கள். நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அன்பாகக் கேட்பதே பாதி வைத்தியம்."

இத்தனை வருஷத்தில் இப்படி ஒருவர் பேசி அவள் கேட்டதில்லை. இந்த மனுஷனிடம் கேட்டுவிடலாம் என்று தைரியம் வந்தது. கேள்வியை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பேச்சு முடிந்து சுருளியாண்டியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். செவ்வந்தி மாலை போட்டார்கள். அவன் மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். டாக்டர் அவன் தோளில் கை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தார்.

"உன் மனைவிக்கு எங்கெங்கே வலி?"

"கை காலு மூட்டுலங்க."

"முட்டியில, மணிக்கட்டுல, தாடையிலயுங்க," என்று மாயக்காள் கீழிருந்து சொன்னாள்.

டாக்டர் குரல் வந்த பக்கம் பார்த்துவிட்டு மறுபடி சுருளியாண்டியிடம் திரும்பினார். "ராத்திரி தூங்குகிறாளா?"

"தூங்குவாங்க."

"தூங்க மாட்டேங்க," என்றாள் மாயக்காள். "அவுக தூங்கிருவாக. அவுகளுக்குத் தெரியாது."

கூட்டம் சிரித்தது. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "அது யார்?"

"அவதாங்க," என்றான் சுருளியாண்டி மெல்ல.

"இந்த அம்மாளா? படுக்கையில் இருப்பதாக அல்லவா சொன்னார்கள்?"

இன்ஸ்பெக்டர் வாயைத் திறப்பதற்குள் முத்துப்பேச்சி சொன்னாள், "வண்டியில இருந்து நடந்துதாங்க வந்தா. நாங்க எல்லாம் பாத்தோம்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னாள். அதுதான் மாயக்காளுக்கு அதிகமாக எரிந்தது.

டாக்டரின் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா! அன்பான பராமரிப்பு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? படுத்தவள் எழுந்து நடக்கிறாள்!" கைதட்டல் எழுந்தது. மாலையோடு நின்ற சுருளியாண்டி மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

மாயக்காள் எழ முயன்றாள். முத்துப்பேச்சியின் தோளைப் பிடித்து எழுந்தே விட்டாள்.

"அய்யா, நான் எந்திரிச்சு நடக்கல. தினமும் இப்பிடித்தான். காலையில அசைய முடியாது, சாயங்காலம் இம்புட்டு முடியும். மறுநா காலையில திரும்பவும் முடியாது. அது ஏன்னு கேக்கத்தான் வந்தேன்."

"எல்லாம் சரியாகிவிடும் அம்மா. உன் கணவரைப் போல ஒருவர் இருக்கும்போது உனக்கு என்ன குறை?"

"காலையில வந்து பாருங்க." அவளுக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. "ஒரு நா காலையில வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

"காலையில் நாங்கள் கம்பம் போகிறோமே," என்று டாக்டர் சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து ஈயைப் பற்றி இன்ஸ்பெக்டர் பேச எழுந்தார்.

திரும்பும் வழியில் எதிர்காற்றில் மாலையின் இதழ்கள் உதிர்ந்து வைக்கோலில் விழுந்தன. வீடு நெருங்கும்போது சுருளியாண்டி மாட்டைப் பார்த்துச் சொன்னான், "தூக்குறேன்னேன்ல. தூக்கவிட்டுருக்கலாம்."

"நடக்க முடிஞ்சுச்சு. நடந்தேன்."

"எம் மூஞ்சியில எத்தன பேரு சிரிச்சான் தெரியுமா? கல்லு மாதிரி திடமா இருக்கிறவளைச் சுமந்துக்கிட்டுத் திரியிறான் கேனப்பயன்னு சின்னச்சாமியே சொல்லுறான்."

"நீங்க என்ன சொன்னீக அவனுக்கு?"

அவன் மாட்டை முடுக்கினான்.

மறுநாள் விடிந்தபோது, வண்டி குலுக்கியதற்கும் வீம்புக்கு நடந்ததற்கும் சேர்த்து உடம்பு பழி வாங்கியது. தலையைத் திருப்ப முடியவில்லை. வாயைத் திறக்க முடியாமல் எச்சில் ஒழுகியது. சுருளியாண்டி அவளைத் தூக்கிப் போய்வந்து கிடத்தினான். கிடத்தும்போது கொஞ்சம் வெடுக்கென்று விட்டான். அவள் கத்தினாள்.

"நேத்து அம்புட்டுப் பேரு முன்னால நடக்கத் தெரிஞ்சுச்சுல்ல," என்றான்.

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். மாயக்காள் கூரையைப் பார்த்துக் கிடந்தாள். தெருவே சொன்னதை அவள் தாங்கியிருக்கிறாள். இது இவன் வாயில் எத்தனை நாளாக இருந்தது என்று நினைத்தாள். புதிதாக வந்த சொல் மாதிரி இல்லை. பழகின சொல் மாதிரி சரளமாக வந்தது.

அப்போது வாசலில் மோட்டார் வந்து நின்ற சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஓடிவரும் சத்தம். தாழ்ந்த வாசலில் குனிந்து டாக்டர் ஞானசிகாமணி உள்ளே வந்தார். பின்னால் இன்ஸ்பெக்டர்.

"கம்பத்துக்கு இப்படித்தான் வழி என்றார்கள்," என்றார் டாக்டர், யாருக்கோ காரணம் சொல்வதுபோல. "ராத்திரி முசாபரி பங்களாவில் தூக்கம் வரவில்லை. காலையில் வந்து பார் என்று சொன்னது காதிலேயே நின்றது."

சுருளியாண்டி ஓடிப்போய் முக்காலியைத் துடைத்துப் போட்டான். டாக்டர் உட்காரவில்லை. பாய்க்குப் பக்கத்தில் தரையில் குந்தினார்.

"எவ்வளவு நேரமாக இப்படி?" என்று சுருளியாண்டியைப் பார்த்துக் கேட்டார்.

"என்..கிட்டக் கேளுங்க," என்றாள் மாயக்காள். தாடை அசையாமல் சொல் குழறி வந்தது.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "சொல்லம்மா. எவ்வளவு நேரம்?"

"முழிச்சதுல இருந்து. முத்தத்துல வெயிலு வந்து, அம்மிக்கல்லுல ஏறுற மட்டும்."

அவர் அவளுடைய கையை எடுத்து மடங்கின விரலை நிமிர்த்தப் பார்த்தார். அவள் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற பிள்ளைகள் பின்வாங்கின. மணிக்கட்டைத் தொட்டார், வீங்கிச் சூடாக இருந்தது. முழங்காலைத் தொட்டார். பிள்ளைப்பேற்றைப் பற்றி, காய்ச்சலைப் பற்றி, அவள் தாய்க்கு இப்படி இருந்ததா என்று எல்லாம் அவளிடமே கேட்டார். அவளும் சொல்லச் சொல்லத் தாடை கொஞ்சம் இளகி, பேச்சு தெளிந்தது. அத்தனை வருஷத்துக் கதையை ஒருவர் இடையில் மறிக்காமல் கேட்டது அன்றுதான்.

"இது முடக்குவாதத்தில் ஒரு வகை அம்மா," என்றார் கடைசியில். "காலையில் இறுகும், பொழுது ஏற இளகும். அதன் குணமே அதுதான். புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இதே நோய்க்காரர்களைப் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் அவர்கள் எல்லாம் எழுந்து நடக்க முடிந்த பிறகுதானே என்னிடம் வருவார்கள்? காலையில் எப்படி இருப்பார்கள் என்று நான் பார்த்ததே இல்லை."

"மருந்து?"

"வலி மட்டுப்பட ஒரு பொடி தருகிறேன். வெறும் வயிற்றில் சாப்பிடாதே. நோய்க்கு..." அவர் நிறுத்தினார். "நோய்க்கு எங்களிடம் மருந்து இல்லை."

சுருளியாண்டி பெருமூச்சு விட்டான். மாயக்காள் அழவில்லை. அவள் வேறு ஒன்றைக் கேட்கத் துடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது வேசமில்லைல்ல?"

"வேஷமா? யார் சொன்னது?"

"வேசமில்லைன்னு சொல்லுங்க."

"இல்லை அம்மா. நிஜமான நோய். காலையில் முடியாது என்பதும் நிஜம், மாலையில் கொஞ்சம் முடியும் என்பதும் நிஜம்."

"இதை வெளிய போயிச் சொல்லுங்க."

டாக்டர் புரியாமல் பார்த்தார்.

"தெருவே ஒங்க மோட்டாரைச் சுத்தித்தான் நிக்கும். எனக்கு மருந்து வேணாம். இப்பச் சொன்னீகள்ல, அதை அவுககிட்டச் சொல்லிட்டுப் போங்க. சத்தமாச் சொல்லுங்க."

டாக்டர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். "ஒருவருடைய நோயைத் தெருவில் நின்று சொல்வது முறையில்லை அம்மா. அது வைத்தியர்களுக்கு வழக்கமில்லை."

"நேத்துச் சந்தைப்பேட்டையில சொன்னீகளே. படுத்தவ எந்திரிச்சுட்டான்னு. கை தட்டுனாகளே."

டாக்டர் எதையோ சொல்லப்போனார். இன்ஸ்பெக்டர் பின்னாலிருந்து, "சார், கம்பத்துல கூட்டம் காத்துக்கிட்டிருக்கும்," என்றார். டாக்டர் பொடிப் பொட்டலத்தைச் சுருளியாண்டி கையில் கொடுத்தார். மாயக்காளின் தலையில் கை வைத்தார். அந்தக் கையில் இரக்கம் இருந்தது, அதை அவள் உணர்ந்தாள். பிறகு குனிந்து வெளியேறினார்.

மாயக்காள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை வாசலில் வைத்திருந்தாள்.

"என்ன சாமி, எப்பிடி இருக்கா?" அது முத்துப்பேச்சியின் குரல்.

டாக்டரின் நல்ல குரல் கேட்டது. "எல்லோரும் சுகாதாரமாக இருங்கள். வாய்க்கால் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்."

மோட்டார் கிளம்பிப் போய்விட்டது.

சுருளியாண்டி பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஏதோ புதையல் அகப்பட்டவன் மாதிரி அவன் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நெசந்தானாம்ல புள்ள," என்றான். "புத்தகத்துலயே இருக்காம்ல."

மாயக்காள் அவனையே பார்த்தாள். "நாஞ் சொன்னப்ப?"

"என்னது?"

"இத்தன வருசமா நான் இதையத்தான சொன்னேன். அவரு சொன்னதுல ஒரு சொல்லு கூடுதலா இருக்கா? நாஞ் சொன்னப்ப அது நெசமில்லையா ஒங்களுக்கு?"

அவன் பொட்டலத்தை உறியில் வைத்தான். எடுத்தான். திரும்ப வைத்தான். "ஒன்னையப் பாக்காம விட்டேனா? ஒரு நா விட்டேனா?"

"விடல. தூக்குனீக, ஊட்டுனீக. நான் இல்லைன்னு சொல்லல. நம்பாமலேவா இம்புட்டும் செஞ்சீக?"

"சாயங்காலமானா நடந்தியே புள்ள..." என்றான் அவன். கொடிக்காலில் ஆட்கள் வெற்றிலை கிள்ளத் தொடங்கியிருப்பார்கள் என்று முனகிவிட்டு வெளியே போனான். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினான். அந்த மெதுவு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அறைந்து சாத்தியிருந்தால் தேவலை.

வெயில் வந்தது, அம்மிக்கல்லில் ஏறியது. மாயக்காள் பொடியைத் தொடவில்லை. நாளெல்லாம் அந்த மெத்தென்ற கதவுச் சத்தத்தையும், 'தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்ற நல்ல குரலையும் மாற்றி மாற்றி நினைத்து வெந்துகொண்டிருந்தாள். அழுகை வந்தால்கூடக் கண்ணைத் துடைக்கக் கை எழும்பாது என்று அழாமல் இருந்தாள். பொழுது இறங்கியது. கால் இளகியது. அந்தக் குதிரைப் பேர் விழுந்ததிலிருந்து சாயங்காலத்தில் அவள் வீட்டுக்குள்ளேதான் நடப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு நடப்பாள், எவள் கண்ணிலும் படக்கூடாது என்று.

அன்று கதவைத் திறந்தாள்.

தெருவில் இறங்கி நடந்தாள். நெல் புடைத்துக்கொண்டிருந்த பெண் முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மாயக்காள் இன்று நிமிர்ந்து நடக்கவில்லை. கால் எப்படி வந்ததோ அப்படி நடந்தாள். இடது கால் இழுத்தது, இழுக்கட்டும் என்று விட்டாள். வலித்த இடத்தில் நின்றாள், வாய்விட்டு முனகினாள், மறுபடி நடந்தாள். வாய்க்கால் படித்துறை வந்துவிட்டது.

அங்கே பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். கீழ்ப்படியில் சுருளியாண்டி இடுப்பளவு தண்ணீரில் நின்று வெற்றிலைக் கட்டுகளை அலசிக்கொண்டிருந்தான். கூட இரண்டு கொடிக்கால் ஆட்கள். வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் மழைக்காலத்துச் செம்மண் நிறத்தில் இரைந்து ஓடியது.

"அடி ஆத்தா!" முத்துப்பேச்சி துணியை அப்படியே போட்டாள். "ஏண்டி மாயக்கா, காலையில டாக்டரு வந்தாக, சாயங்காலம் வாய்க்காலுக்கே வந்துட்ட. என்ன மருந்துடி குடுத்தாக?"

"மருந்து இல்லைன்னுட்டாக மதினி."

"மருந்தில்லாமலா நடக்குற? அப்ப அவுக வந்து என்னத்தத்தான் பாத்தாக?"

துவைக்கிற கல்லில் சத்தம் நின்றுவிட்டது. காலையில் ஒரு பெரிய டாக்டர் மோட்டாரில் வந்து மண்தரையில் குந்திப் பார்த்துவிட்டுப் போன மதிப்பு, அன்று சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. மாயக்காளுக்குக் கசந்த சிரிப்பு வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சொல்லிச் சொல்லி அலுத்த வாய் அது. அவள் கீழ்ப்படியைப் பார்த்தாள்.

சுருளியாண்டி அவள் வந்ததிலிருந்தே குனிந்தபடி அலசிக்கொண்டிருந்தான். அலசின கட்டையே திரும்ப அலசினான். எல்லோர் கண்ணும் தன் முதுகில் இருப்பது தெரிந்து மெல்ல நிமிர்ந்தான். கூட நின்ற ஆட்களைப் பார்த்தான். படியில் ஒரு கையை ஊன்றி, கால் நடுங்க நின்றுகொண்டிருந்த மனைவியைப் பார்த்தான்.

"அது... அந்தச் சீக்கு அப்பிடித்தான். காலையில முடியாது. பொழுது எறங்குனா கொஞ்சம் முடியும்," என்றான்.

தண்ணீரைப் பார்த்துத்தான் சொன்னான். வாய்க்கால் இரைச்சலில் அது மேல்படி வரைக்கும் ஏறவில்லை.

"என்னண்ணே சொல்லுற?" என்று முத்துப்பேச்சி காதில் கை வைத்துக் கேட்டாள்.

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள் மாயக்காள்.

சுருளியாண்டி வெற்றிலைக் கட்டைப் படியில் வைத்துவிட்டு, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினான்.